தொர்ரெவியேஹாவில் ஒரு வீடு: முற்பணம் கட்டுவதற்கு முன்

லண்டனில் இருந்து ஒரு வாசகர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அவருக்கு வயது 61. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர், இப்போது பிரிட்டிஷ் குடியுரிமை. பல வருடம் நடத்திய கடையை விற்றுவிட்டார். கையில் ஏறக்குறைய 260,000 யூரோ பெறுமதியான சேமிப்பு இருக்கிறது. குடியிருக்கும் வீட்டைத் தவிர ஒரு சிறிய ஃபிளாட்டும் உண்டு. அதில் வருடத்துக்கு 15,000 யூரோ அளவில் வாடகை வருகிறது. மனைவிக்கு 57 வயது, ஒரு கணக்காளர் நிறுவனத்துக்கு வாரத்தில் இரண்டு நாள் வீட்டில் இருந்தபடியே வேலை செய்கிறார். 83 வயது அம்மாவும் இவர்களோடுதான் இருக்கிறார். அவருக்கு மூட்டுவாதம். குளிர்காலம் வந்தால் கட்டிலை விட்டு இறங்கவே கஷ்டப்படுகிறார்.

போன ஒக்டோபரில் குடும்பத்தோடு ஸ்பெயினின் கிழக்குக் கரையில் இருக்கும் தொர்ரெவியேஹாவுக்குப் போயிருக்கிறார்கள். அம்மா கைத்தடியைக்கூட மறந்துவிட்டுக் கடற்கரையில் நடந்தாராம். அந்தச் சந்தோஷத்தில் ஒரு முகவர் மூலம் வீடும் பார்த்துவிட்டார்கள். மூன்றாம் மாடி, இரண்டு படுக்கையறை, பொது நீச்சல்குளம், விலை 190,000 யூரோ. விற்பவர் நோர்வேயில் வசிக்கும் ஒருவர். முகவர் நான்கு விஷயம் சொல்லியிருக்கிறார். வீடு இருந்தால் தங்க அனுமதி எடுப்பது சுலபம். கோடையில் விடுமுறைக்கு வருபவர்களுக்கு விட்டால் வருடம் 12,000 யூரோ வரும். நொத்தாரிசு எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார், வழக்கறிஞர் வீண் செலவு. விலையில் 10 வீதத்தை இந்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் வீடு வேறு ஆளுக்குப் போய்விடும்.

வாசகர் கேட்கிறார்: “குளிர்கால ஆறு மாதம் அங்கே, மிச்சம் இங்கே என்று இருக்க நினைக்கிறோம். அம்மாவையும் கூட்டிப்போக வேண்டும். இதில் ஏதும் பிழை இருக்கிறதா? காசைக் கட்டலாமா?”

ஐயா, வணக்கம். கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இந்த மாதம் கட்ட வேண்டாம். வீடு மோசமானது என்று நான் சொல்லவில்லை. அதன் ஆவணங்களை நானும் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. ஊரும் நல்ல ஊர்தான். ஆனால் உங்கள் குடும்பம் அங்கே விருந்தாளியாகப் போய்வரப் போகிறதா, குடியேறப் போகிறதா என்பதை நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை. விசா, வரி, வைத்தியம், அம்மாவின் உதவிப்பணம் எல்லாம் அந்த ஒரு முடிவைப் பொறுத்துத்தான் இருக்கின்றன. முகவர் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அவருக்கு அது தேவையும் இல்லை, அவருடைய கமிஷன் வீட்டு விலையில் வருகிறது.

வீட்டு உறுதி உங்கள் பெயரில், நாட்கள் உங்கள் பெயரில் இல்லை

வீடு வாங்கினால் ஸ்பெயினில் வசிக்கும் உரிமை கிடைக்கும் என்ற பேச்சு முழுக்கக் கற்பனை அல்ல. 2013இல் வந்த ஒரு சட்டத்தின்படி 500,000 யூரோவுக்கு மேல் சொத்து வாங்கிய வெளிநாட்டவருக்குக் ‘கோல்டன் விசா’ கொடுத்தார்கள். அது 2025 ஏப்ரல் 3ஆம் திகதியோடு முடிந்துவிட்டது. முடியாமல் இருந்திருந்தாலும் உங்கள் வீட்டின் விலை அந்த எல்லைக்குப் பக்கத்திலும் வராது. இன்று நீங்கள் தொர்ரெவியேஹாவில் பத்து வீடு வாங்கினாலும் பிரிட்டிஷ் கடவுச்சீட்டில் உங்களுக்கு உள்ள உரிமை ஒன்றுதான்: எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள், ஸ்பெயினும் வேறு பல ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ஷெங்கன் பகுதிக்குள் இருக்கலாம்.

உங்கள் ஆறு மாதத் திட்டம் இங்கேதான் உடைகிறது. நவம்பர் 1ஆம் திகதி போய் இறங்கினால் ஜனவரி 29ஆம் திகதி உங்களுடைய 90ஆவது நாள். அன்று வெளியே வந்துவிட வேண்டும். அடுத்த முழு 90 நாளைத் தொடங்க ஏப்ரல் 30 வரை காத்திருக்க வேண்டும். அதாவது லண்டனில் மிக மோசமான மாதமான பெப்ரவரியில் நீங்கள் லண்டனில்தான் இருப்பீர்கள்.

நம்மவர்கள் அடிக்கடி மறக்கும் இன்னொன்று, இந்த 90 நாள் ஸ்பெயினுக்கு மட்டும் உரியதல்ல. பாரிஸில் லா ஷப்பலுக்குக் கல்யாணச் சாமான் வாங்கப் போன நாலு நாளும், சூரிச்சில் மச்சான் வீட்டில் நின்ற ஒரு கிழமையும், ஒஸ்லோவில் பெறாமகளின் பிறந்தநாளும் இதே கணக்கில்தான் சேரும். முன்பு கடவுச்சீட்டில் முத்திரையைத் தேடிப் பார்த்து விரல்விட்டு எண்ணினார்கள், சிலர் தப்பியும் கொண்டார்கள். 2025 ஒக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய நுழைவு–வெளியேற்ற முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, நாட்களைக் கணினி எண்ணுகிறது. ‘ஒரு கிழமை கூடினால் என்ன’ என்று இனி இருக்க முடியாது.

விருந்தாளியாகப் போய்வருவதே போதும் என்றால் அதுவும் நல்ல ஏற்பாடுதான். நவம்பர் முதல் ஜனவரி வரை ஒரு தடவை, மே மாதத்தில் ஒரு தடவை. ஆனால் வருடத்தில் பாதிக்கு மேல் பூட்டிக்கிடக்கப் போகும் வீட்டில் சேமிப்பின் பெரும்பகுதியை முடக்க வேண்டுமா என்று அப்போது உங்களையே கேட்டுப் பாருங்கள்.

குடியேறுவது என்றால் கணக்கு இப்படி

வேலை செய்யாமல் சொந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கு ஸ்பெயின் ஒரு விசா கொடுக்கிறது. லண்டனில் உள்ள தூதரகம் மூலம் விண்ணப்பிக்கலாம். இப்போதைய அளவின்படி முதல் ஆளுக்கு வருடம் 28,800 யூரோ, கூட வரும் ஒவ்வொருவருக்கும் 7,200 யூரோ காட்ட வேண்டும். நீங்கள் மூன்று பேர் என்றால் 43,200. வாடகை வருமானம் கணக்கில் சேரும். குறையும் தொகைக்குச் சேமிப்பைக் காட்டலாம்.

இப்போது உங்கள் வீட்டு விலையைக் கணக்குப் பாருங்கள். 190,000 என்பது முழுச் செலவல்ல. தொர்ரெவியேஹா இருக்கும் வலென்சியா பிரதேசத்தில் பழைய வீட்டுக்குக் கைமாற்ற வரி 10 வீதமாக இருந்தது. 2026 ஜூன் முதல் 9 வீதம். நொத்தாரிசு, காணிப் பதிவு, வழக்கறிஞர் எல்லாம் சேர்ந்து 11 முதல் 13 வீதம் மேலதிகமாகப் போகும் என்று வையுங்கள். கையில் இருந்து போவது 210,000 யூரோவுக்குக் குறையாது. 260,000இல் மிஞ்சுவது 50,000 கூட இல்லை. முதல் வருட விசாவுக்கு அது வாடகையோடு சேர்ந்து ஒருவாறு போதும். ஆனால் அந்த விசா முதலில் ஒரு வருடத்துக்குத்தான். புதுப்பிக்கும்போது மறுபடியும் காசு காட்ட வேண்டும், அதற்குள் சாப்பிட்டும் ஆகவேண்டும். விசாவுக்குக் காட்ட வேண்டிய காசைத்தான் நீங்கள் வீட்டில் போடப் பார்க்கிறீர்கள்.

அக்காவின், அதாவது உங்கள் மனைவியின், வேலை விஷயமும் இருக்கிறது. சம்பளம் லண்டனில் இருந்துதானே வருகிறது, ஸ்பெயின்காரருக்கு என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த விசாவில் இருந்துகொண்டு கணினியில் லண்டன் வேலை செய்வதையும் வேலை என்றுதான் தூதரகங்கள் எடுக்கின்றன. வேலையை விட்டுவிட்டதாகக் கடிதம் கேட்பதும் உண்டு. தூரத்தில் இருந்து வேலை செய்பவர்களுக்கு 2023 முதல் தனி விசா இருக்கிறது. ஆனால் அதற்கு மாதம் 2,700 யூரோவுக்கு மேல் சம்பளம் காட்ட வேண்டும். வாரம் இரண்டு நாள் வேலையில் அது எட்டாது. ஆகவே குடியேறுவது என்றால் அக்கா அந்த வேலையை விடத் தயாரா என்பதை இப்போதே பேசி முடிவெடுங்கள். அவர் அந்த வேலையை விரும்பிச் செய்வதாக உங்கள் கடிதத்தில் ஒரு வரி இருக்கிறது. அதை நான் சின்ன விஷயமாக எடுக்கவில்லை.

வரி வேறு. ஒரு காலண்டர் வருடத்தில் 183 நாளுக்கு மேல் ஸ்பெயினில் இருந்தால் நீங்கள் அங்கே வரி வதிவாளர். அதன்பின் லண்டன் ஃபிளாட்டின் வாடகையையும் ஸ்பெயினில் காட்ட வேண்டும். இரண்டு நாட்டுக்கும் இடையே 2013இல் கையெழுத்தான ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வருமானத்துக்கு இரண்டு முறை முழு வரி கட்ட வேண்டியதில்லை, ஆனால் இரண்டு இடத்திலும் படிவம் நிரப்ப வேண்டும். ஐ.எஸ்.ஏ. என்ற பிரிட்டிஷ் சேமிப்புக் கணக்குக்கு லண்டனில் வரி இல்லை, ஸ்பெயினில் அந்த விலக்கு இல்லை. தனியார் பென்சனில் 25 வீதத்தை வரியில்லாமல் எடுக்கும் சலுகையும் அப்படித்தான். எடுப்பதென்றால் அங்கே வரி வதிவாளராக ஆகும் முன்பே எடுத்துவிட வேண்டும். ஸ்பெயினுக்கு வெளியே வங்கிப் பணம், முதலீடு, சொத்து என்று ஒவ்வொரு வகையிலும் 50,000 யூரோவுக்கு மேல் இருந்தால் 720ஆம் இலக்கப் படிவத்தில் அறிவிக்க வேண்டும். அதைத் தவறவிட்டவர்களுக்கு ஸ்பெயின் போட்ட கடும் தண்டத்தை ஐரோப்பிய நீதிமன்றம் 2022இல் தள்ளிவிட்டது. ஆனால் அறிவிக்கும் கடமை அப்படியேதான் இருக்கிறது.

அம்மா

உண்மையில் இந்தக் கடிதம் முழுவதும் அம்மாவுக்காகத்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

“ஸ்பெயினில் வைத்தியம் இலவசம், பெரிய ஆஸ்பத்திரியும் பக்கத்தில் இருக்கிறது” என்று எழுதியிருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி இருப்பது உண்மை. 2006இல் திறந்த தொர்ரெவியேஹா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி, தனியார் நிர்வாகத்தில் இருந்து 2021 ஒக்டோபரில் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஆனால் வாசலைத் தாண்டிப் போவதற்கு ஒரு உரிமை வேண்டும். விடுமுறைக்குப் போகும்போது பிரிட்டிஷ் சுகாதார அட்டை அவசரத் தேவைகளுக்கு உதவும், குடியிருப்பவருக்கு உதவாது. பிரிட்டிஷ் அரச பென்சன் வாங்குபவர் ஸ்பெயினில் குடியேறினால் ‘எஸ்-1’ என்ற சான்றிதழ் எடுக்கலாம். அவருடைய வைத்தியச் செலவைப் பிரிட்டன் ஏற்கும். உங்கள் வயதுக்காரருக்கு அரச பென்சன் 67இல்தான். அதுவரை நீங்களும் அக்காவும் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் நோயாளி தன் பங்கைக் கட்டும் வகைக் காப்புறுதியை விசாவுக்கு ஏற்கமாட்டார்கள்.

அம்மாவுக்கு 83 வயதாயிற்றே, அவருக்கு எஸ்-1 கிடைக்காதா? அவர் 1990களில் உங்களிடம் வந்தவர், இங்கே வேலை செய்யவில்லை, ‘பென்சன் கிரெடிட்’ எடுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். பென்சன் கிரெடிட் அரச பென்சன் அல்ல. அது வருமானம் குறைந்த முதியவர்களுக்கான உதவிப்பணம். அதைக் கொண்டு எஸ்-1 எடுக்க முடியாது. பெயரில் பென்சன் இருப்பதால் நம்மவர் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைக்கிறார்கள். அப்பாவின் பங்களிப்பில் இருந்து அம்மாவுக்குச் சிறிய தொகையாவது அரச பென்சன் வருகிறதா என்று அவருடைய கடிதங்களை எடுத்துப் பாருங்கள். வந்தால் நிலைமையே மாறும்.

வராவிட்டால் தனியார் காப்புறுதி ஒன்றுதான் வழி. பல நிறுவனங்கள் 75 வயதுக்கு மேல் புதிதாக யாரையும் சேர்ப்பதில்லை. சேர்ப்பவையும் ஏற்கெனவே இருக்கும் மூட்டுவாதத்தை விலக்கிவிடும்; அப்படி விலக்கு வைத்த காப்புறுதியைத் தூதரகம் நிராகரிக்கலாம். உங்களில் தங்கியிருப்பவர் என்ற வகையில் அம்மாவைச் சேர்த்து விண்ணப்பிக்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. நடைமுறையில் காப்புறுதியில்தான் அது தடக்கி நிற்கும்.

சரி, விருந்தாளியாக மூன்று மாதம் கூட்டிப்போகலாமா? கடவுச்சீட்டின்படி போகலாம். ஆனால் பென்சன் கிரெடிட் எடுப்பவர் சாதாரணமாக நான்கு கிழமைக்கு மேல் நாட்டுக்கு வெளியே நின்றால் அந்தப் பணம் நின்றுவிடும். அதோடு சேர்ந்து வரும் வேறு உதவிகளும் பாதிக்கப்படலாம். பயணம் போவதை அறிவிக்காமல் போய், பிறகு திருப்பிக் கட்டச் சொல்லிக் கடிதம் வந்த குடும்பங்கள் உண்டு. நான்கு கிழமைக்கு உட்பட்டு, முன்கூட்டியே அறிவித்துவிட்டு, முதியவருக்கான பயணக் காப்புறுதியோடு கூட்டிப்போங்கள். வருடத்தில் இரண்டு தடவை அப்படிப் போனாலே அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இடையில் ஒன்று. உலக சுகாதார நிறுவனமே இந்தக் கரையின் காலநிலையை ஐரோப்பாவில் சிறந்தது என்று அறிவித்திருப்பதாக முகவர் கொடுத்த தாளில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனம் அங்கே வீடு விற்கும் எல்லாத் தாள்களிலும் இருக்கும். அதற்கு ஆதாரமான ஆவணத்தை மட்டும் யாரும் எனக்குக் காட்டியதில்லை. ஊருக்குப் பக்கத்தில் உள்ள இளஞ்சிவப்பு நிற உப்பு ஏரியில் கால் வைத்தால் மூட்டு நோவு போகும் என்பதும் அப்படியே. அந்த ஏரி பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பூங்கா, உப்பு எடுக்கும் இடம். அதில் இறங்கத் தடை இருக்கிறது, தண்டமும் உண்டு. கரையில் நின்று படம் எடுங்கள், போதும்.

கோடை வாடகை 12,000

இந்த இலக்கத்தை மறந்துவிடுங்கள். சுற்றுலாப் பயணிகளுக்கு வீடு விடுவது இப்போது ஒன்றன்மேல் ஒன்றாக அனுமதி வாங்க வேண்டிய வேலை. 2024 ஓகஸ்டில் வலென்சியா பிரதேசம் விதிகளை இறுக்கியது: நகரசபையிடம் அந்தக் கட்டடத்தில் சுற்றுலா வாடகைக்கு இடமுண்டு என்ற அறிக்கை எடுத்துத்தான் பதிவு செய்ய முடியும், பதிவு ஐந்து வருடத்துக்கு, ஒரே ஆளுக்குத் தொடர்ந்து 10 நாள் வரை விடுவதுதான் சுற்றுலா வாடகை. 2025 ஏப்ரல் 3 முதல், புதிதாக அப்படி விடத் தொடங்குபவர் அந்தக் கட்டட உரிமையாளர் சங்கத்தில் ஐந்தில் மூன்று பங்கு சம்மதமும் வாங்க வேண்டும். இணையத்தளங்களில் விளம்பரம் போடத் தேசியப் பதிவு எண் வேண்டும் என்ற விதியும் 2025 ஜூலையில் வந்தது. ‘விற்பவரிடம் லைசென்ஸ் இருக்கிறது’ என்று முகவர் சொன்னால், அது உங்களுக்கு வீட்டோடு சேர்ந்து வரும் என்று நம்பாதீர்கள், எழுத்தில் கேளுங்கள்.

எல்லாம் கிடைத்தாலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவருக்கு வாடகையில் 24 வீதம் வரி. செலவுகளைக் கழிக்க வரித்துறை வழக்கமாக இடம் கொடுப்பதில்லை. 12,000 வந்தால் 2,880 அங்கேயே போய்விடும். பிறகு துப்புரவு, சாவி கொடுக்கும் ஆள், சங்கச் சந்தா, நகரசபை வரி. வாடகைக்கே விடாமல் பூட்டி வைத்தாலும் வரி உண்டு என்பதையும் பலர் அறிவதில்லை. வீட்டின் அரச மதிப்பில் 1.1 அல்லது 2 வீதத்தை வருமானம் என்று கற்பித்து, அதில் 24 வீதம் கேட்பார்கள். அரச மதிப்பு 60,000 என்றால் வருடம் 158 யூரோவோ 288 யூரோவோ வரும். தொகை சின்னது. ஆனால் வருடாவருடம் 210ஆம் இலக்கப் படிவம் போட வேண்டும், போடாதவர்களுக்கு விற்கும் நேரத்தில் அது முன்னால் வந்து நிற்கும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே வசிப்பவர் வீடு வாங்கினால் 100 வீத வரி என்று நீங்கள் கேள்விப்பட்டது, பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ் 2025 ஜனவரியில் அறிவித்த யோசனை. நான் இதை எழுதும் வரை அது சட்டமாகவில்லை. அதைக் காட்டி அவசரப்படுத்தினாலும் அவசரப்படாதீர்கள்.

நொத்தாரிசு உங்கள் ஆள் அல்ல

ஊரில் உறுதி எழுதும் நொத்தாரிசு பழைய உறுதிகளையும் தேடிப் பார்த்துச் சொல்வார் என்ற பழக்கத்தில் நீங்கள் முகவரின் பேச்சை நம்பிவிட்டீர்கள். ஸ்பெயினில் நொத்தாரிசு ஒரு அரச அதிகாரி மாதிரி. கையெழுத்திடுபவர்கள் யார், பத்திரம் சட்டப்படி இருக்கிறதா என்று பார்ப்பார். காணிப் பதிவகத்தில் இருந்து கடன், பிணை விவரமும் எடுப்பார். ஆனால் உங்கள் பக்கம் நின்று பேரம் பேசுவதோ, சங்கத்தின் கூட்டக் குறிப்பைப் படித்து அடுத்த வருடம் லிஃப்ட் மாற்றப் போகிறார்கள் என்று எச்சரிப்பதோ அவர் வேலை அல்ல. அதுவும் அவர் வருவது கடைசி நாளில். உங்கள் காசு ஆபத்தில் இருப்பது அதற்கு முன், முற்பணம் கட்டும் நாளில்.

அந்த முற்பண ஒப்பந்தத்தை அங்கே ‘ஆர்ராஸ்’ என்பார்கள். வழக்கமான வகையில், நீங்கள் பின்வாங்கினால் கட்டியது போய்விடும்; விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். உங்களுக்கு அது 19,000 யூரோ. விசா மறுக்கப்பட்டால், ஆவணத்தில் குறை இருந்தால் காசு திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதினால்தான் திரும்பும். முகவர் அனுப்பிய மாதிரியில் அப்படி ஒரு வரியும் இல்லை.

உங்கள் வழக்கில் இன்னொரு பொறி இருக்கிறது. விற்பவர் நோர்வேயில் வசிப்பவர். ஸ்பெயினில் வதியாதவரிடம் வாங்கும்போது விலையில் 3 வீதத்தை, உங்களுக்கு 5,700 யூரோ, நீங்களே பிடித்து வைத்து ஒரு மாதத்துக்குள் வரித்துறைக்குக் கட்ட வேண்டும். முழு விலையையும் விற்பவரிடம் கொடுத்துவிட்டால் அந்தத் தொகைக்கு உங்கள் வீடு பொறுப்பு. நிலத்தின் மதிப்பு உயர்ந்ததற்காக நகரசபை கேட்கும் வரி சாதாரணமாக விற்பவருடையது. அவர் வெளிநாட்டில் வசிப்பவர் என்றால் நகரசபை வாங்கியவரிடம் கேட்கலாம். அதையும் கணக்குப் போட்டு விலையில் பிடித்து வையுங்கள். சங்கச் சந்தா பாக்கி இருந்தால் நடப்பு வருடத்துக்கும் முந்தைய மூன்று வருடத்துக்கும் வீடு பொறுப்பு, ஆகவே பாக்கி இல்லை என்ற சான்றிதழ் கேளுங்கள். இவற்றுக்கு ஒரு வழக்கறிஞர் வாங்கும் கட்டணம் பொதுவாக விலையில் ஒரு வீதம் அளவில்தான் இருக்கும். முகவர் சிபாரிசு செய்யாத ஒருவராகப் பாருங்கள்.

மூன்றாம் மாடிக்கு வெள்ளம் வராது என்றாலும் நிலத்தடிக் கார் தரிப்பிடத்துக்கு வரும். 2019 செப்டெம்பர் பெருமழையில் தொர்ரெவியேஹாவுக்குப் பின்னால் உள்ள வேகா பாஹா சமவெளியில் பல இடங்கள் மூழ்கின. பிரதேச அரசின் வெள்ள அபாய வரைபடத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டுக் காப்புறுதி எடுத்திருப்பவருக்கு இப்படியான பெருவெள்ளச் சேதத்தை அரச நிதியம் ஒன்று ஈடுசெய்யும். காப்புறுதி இல்லாதவருக்கு அதில் ஒன்றும் இல்லை.

முதலில் ஒரு குளிர்காலம்

நீங்கள் ஊரைப் பார்த்தது ஒக்டோபரில், அதன் மிகச் சிறந்த மாதத்தில். 1829 நிலநடுக்கத்தில் தரைமட்டமாகி மறுபடி கட்டப்பட்ட உப்பு ஊர் இது. கியூபாவுக்கு உப்பு ஏற்றிப்போன மாலுமிகள் திரும்பக் கொண்டுவந்த ஹபனேரா பாடல்களுக்கு 1955 முதல் இங்கே போட்டி வைக்கிறார்கள். 1980களில் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் தொர்ரெவியேஹா ஃபிளாட் பரிசாகக் கொடுக்கும் அளவுக்குக் கட்டடங்கள் முளைத்தன. இப்போது பதிவு செய்த மக்களில் ஏறக்குறைய பாதிப்பேர் வெளிநாட்டவர். ஓகஸ்டில் கூட்டம் பல மடங்காகி, கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம் சுற்ற வேண்டும். ஜனவரியில் கடற்கரைப் பக்கக் கட்டடங்களில் பாதி ஜன்னல் மூடியிருக்கும். வெளியே 16 பாகை வெயில் அடிக்கும், உள்ளே சலவைக்கல் தரையும் வெப்பமூட்டி இல்லாத அறைகளும் ஈரமாகக் குளிரும். மூட்டுவாதக்காரருக்கு அது லண்டன் வீட்டைவிட மோசமாகவும் இருக்கலாம். ரயில் இல்லை, அலிகாந்தே விமான நிலையத்துக்குக் காரிலோ பஸ்ஸிலோதான் போக வேண்டும். கார் ஓட்டாத வயது வந்தால் என்ன செய்வது என்பதையும் யோசியுங்கள்.

ஆகவே நான் சொல்லும் ஒழுங்கு இது. வருகிற நவம்பரில் இருந்து ஜனவரி 29 வரை ஒரு ஃபிளாட்டைப் பருவகால வாடகைக்கு எடுங்கள். முதல் நான்கு கிழமை அம்மாவும் உங்களோடு இருக்கட்டும், பிறகு பிள்ளைகளில் ஒருவர் அவரை லண்டனில் பார்த்துக்கொள்ளட்டும். வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையில் வீட்டுக்குள் இருந்து பாருங்கள், கட்டடத்தில் குளிர்காலத்தில் வசிப்பவர்களோடு பேசுங்கள். அந்த நேரத்தில் வெளிநாட்டவர் அடையாள எண்ணையும் எடுத்துவிடலாம். அது இல்லாமல் வீடு வாங்க முடியாது, அதை எடுத்ததால் வாங்கியே ஆகவேண்டும் என்றும் இல்லை.

திரும்பி வந்த பிறகு குடியேறுவதா, போய்வருவதா என்று மூன்று பேரும் இருந்து முடிவெடுங்கள். போய்வருவது என்றால் இன்னும் மலிவான, சின்ன வீடு ஒன்று போதும், வாடகை வருமானத்தை நம்பாமல் வாங்குங்கள். குடியேறுவது என்றால் உங்கள் பென்சன் வயது வரை பொறுத்து, எஸ்-1 கையில் வந்த பிறகு போவது காசுக்கும் உடம்புக்கும் நல்லது என்பது என் அபிப்பிராயம். எப்படியானாலும் வாங்கிய பின் அந்தச் சொத்துக்கு ஸ்பெயினில் ஒரு மரணசாசனம் எழுதி, உங்கள் குடியுரிமை நாட்டின் சட்டமே பொருந்த வேண்டும் என்று அதில் தெரிவு செய்துவிடுங்கள். ஐரோப்பிய ஒழுங்குவிதி 2015 முதல் அதற்கு இடம் தருகிறது. வலென்சியாவில் கணவன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும் சொத்தில் மரபுரிமை வரியை 99 வீதம் குறைத்திருக்கிறார்கள், அந்தக் கவலை வேண்டாம்.

இந்தக் கிழமை செய்ய வேண்டியது ஒன்றுதான். முகவருக்கு எழுத்தில் பதில் அனுப்புங்கள்: காணிப் பதிவகத்தின் இன்றைய பதிவுச் சுருக்கம், சங்கத்தின் கடன் இல்லாச் சான்றிதழும் கடைசிக் கூட்டக் குறிப்பும், நகரசபை வரிப் பற்றுச்சீட்டு, குடியிருப்புத் தகுதிப் பத்திரம், சக்தி வினைத்திறன் சான்றிதழ் எல்லாம் வரும் வரை காசு கட்டமாட்டேன் என்று. அவர் அனுப்பினால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். ‘வேறு ஆள் வாங்கிவிட்டார்’ என்று பதில் வந்தால் வரட்டும், அதே தெருவில் இன்னும் நாலு வீட்டில் விற்பனைப் பலகை தொங்கும்.